வடக்குச் சுவரோரம் மண் இளக்கமாக இருக்கும்

விண்டர்கோட்
2 மார்ச் 1868

என் கண்ணான தங்கை தாம்சினுக்கு, அக்கா கெசியா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் மூச்சோடு இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரர் ஏனோக்கும் அந்த லீட்ஸ் புகையில் எப்படி இருக்கிறீர்களோ என்று தினமும் நினைப்பு. இருமல் விட்டதா?

என் வீட்டுக்காரர் ஆமோஸ் அறுப்பு வண்டியிலிருந்து விழுந்து இறந்தபிறகு வரும் முதல் வசந்தம் இது. அவர் தொப்பி இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. எடுக்க மனசு வரவில்லை.

கோயிலைக் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கே இருக்கிறது. கிழவர் பார்ஜிட்டர் பாதிரியார் கிறிஸ்துமஸுக்கு முன் இறந்தார் என்று எழுதினேனே, அவர் இடத்துக்கு லிடன் என்று ஒருவர் வந்திருக்கிறார். வயசு முப்பதுகூட இருக்காது, நடையெல்லாம் ஓட்டம்தான். வந்ததும் நம் கோயிலின் சரித்திரம் எழுத உட்கார்ந்துவிட்டார். முதல் பாதிரியார் தொடங்கி எல்லார் பேரையும் பலகையில் எழுதி வாசலில் மாட்டப்போகிறாராம். மணி அடித்துக் குழி வெட்டுகிற நம் கோயில்குட்டியார் ஜெத்ரோவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கிறார்.

"பார்ஜிட்டருக்கு முன்னாடி இருந்தவர் எப்படி?"

"அவரா? நரி வேட்டைக்கு நாய் வளர்த்தாருங்க. பிரசங்கத்துக்கு நடுவுல நரி குறுக்க ஓடிச்சுன்னா, ஆமென்னு சொல்லிட்டுக் குதிரை ஏறிடுவாரு. சனங்களுக்கும் சந்தோசம், சீக்கிரம் சாப்பாடு."

"பார்ஜிட்டர்?"

"அவர் தூங்குவாருங்க."

இதுவரை நானும் சிரித்துக்கொண்டுதான் துடைத்தேன். அப்புறம் பாதிரியார் வடக்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தார். பச்சைப் பாசி ஒட்டிக்கொண்டு வந்தது. "கூரைத் தண்ணி முப்பது வருஷமா அப்படியே சொட்டியிருக்கு. ஒரு குழாய் வைக்கத் தோணலையே அந்த மனுஷனுக்கு! இந்தக் கோடையில சுவரோரமா நீளக் கால்வாய் வெட்டி, ஈயக் குழாய் போட்டுடணும்" என்றார்.

துணி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சுவர்தான் தாம்சின். என் பிள்ளை அங்கேதான் இருக்கிறான்.

எனக்கு யாரும் இல்லை, உன்னிடம்தான் சொல்ல முடியும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
கெசியா

*

லீட்ஸ்
17 மார்ச்

அன்பு அக்காவுக்கு தாம்சின் வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபம் பண்ணுகிறேன்.

ஏனோக் ஆலைக்குப் போன நேரத்தில் இதை எழுதுகிறேன். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அவர் நல்லவர்தான், ஆனால் இந்த விஷயம் அவருக்குத் தெரியாது.

அக்கா, வாயைத் திறக்காதே. போன மாதம் இங்கே ஒரு வேலைக்காரப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளை செத்துத்தான் பிறந்தது என்று அவள் கத்தினாள். ஒளித்துப் புதைத்தது குற்றம் என்று சிறையில் போட்டார்கள். உன் பிள்ளை மூச்சு விட்டவன். அவன் எப்படிப் போனான் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? ஆமோஸ் மாமா இல்லை, பார்ஜிட்டரும் இல்லை. நீ மட்டும்தான்.

கால்வாய் வெட்டுவதெல்லாம் பேச்சோடு போகும். பாதிரிமார் அப்படித்தான்.

நூல் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, ஆலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கொஞ்சம் வாந்தி, வேறொன்றும் இல்லை.

உன் தங்கை
தாம்சின்

*

விண்டர்கோட்
6 ஏப்ரல்

என் தாம்சினுக்கு, அக்கா. வாந்தி நின்றதா? இஞ்சி தட்டிப் போட்டுக் குடி.

பேச்சோடு போகவில்லை. ஸ்டாப்ஸ் என்று ஒரு கொத்தனார் டவுனிலிருந்து வந்து கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போனார்.

உன்னிடம் அன்று நடந்ததை முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், இதையும் அடுப்பில் போட்டுவிடு. அன்று காலையில் பனி ஜன்னல் வரை மூடியிருந்தது. மருத்துவச்சி வர வழியில்லை. பிள்ளை பிறந்துவிட்டான். நீலமாக இருந்தான், பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டான். "பாதிரியாரைக் கூட்டிட்டு வாங்க, ஞானஸ்நானம் குடுத்துடணும்" என்று ஆமோஸை விரட்டினேன். அவர் போனபிறகு நானும் பிள்ளையும் மட்டும்தான். மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பொறுடா, இதோ வந்துடுவாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் பொறுக்கவில்லை.

பார்ஜிட்டர் இடுப்பளவு பனியில் வந்து சேர்ந்தார், அந்த வயசில். பிள்ளையைப் பார்த்தார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு ஜெபம் படிக்கக் கூடாது, கல்லறைத் தோட்ட வேலிக்கு அந்தப் பக்கம்தான் இடம் என்று எங்களுக்கும் தெரியும். தூக்கு மாட்டிக்கொண்டவர்களும் பேர் தெரியாதவர்களும் கிடக்கிற இடம். அவர் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது ஆமோஸிடம் மெதுவாக, "வடக்குச் சுவரோரம், இறவாரத்துக்குக் கீழே, மண் இளக்கமா இருக்கும்" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஆமோஸ்தான் கொண்டுபோய் வைத்தார். கிழக்கிலிருந்து வந்தால், சுவரைத் தாங்கி நிற்கிற இரண்டாவது முட்டுக்கல்லுக்குப் பக்கத்தில். "கோயில் கூரையில உருண்டு வர்ற தண்ணி அவன் மேல சொட்டும்டி. கையால குடுக்கலேன்னா என்ன, ஒவ்வொரு மழைக்கும் ஒரு ஞானஸ்நானம்" என்று சொல்லி அழுதார். அதை நம்பித்தான் இத்தனை வருஷம் மழைச் சத்தம் கேட்டால் தூங்குகிறேன்.

லிடன் ஐயாவிடம் பேசிப் பார்த்தேன். "தெற்குப் பக்கத்தை முதல்ல பாருங்களேன் ஐயா, அங்கயும் ஓடு பெயர்ந்திருக்கு" என்றேன். சிரித்தார். "உங்களுக்குத்தானே கெசியா நல்லது? பாசி துடைக்கிற வேலை மிச்சம்."

நல்லது செய்கிற மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது?

அக்கா
கெசியா

*

விண்டர்கோட்
11 மே

தாம்சின், கண்ணே. சுகம்தானா? உன் கடிதம் வரவில்லை. தபால்காரர் நம் தெருவைத் தாண்டிப் போகிறபோதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன். அவர் கை விரித்துக்காட்டிவிட்டுப் போகிறார்.

போன ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு விஷயம் கேட்டேன். அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

குழந்தை சாகும் நிலையில் இருந்து, பாதிரியார் வர முடியாவிட்டால், அங்கே இருக்கிற யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாமாம். பெண்பிள்ளையும் கொடுக்கலாமாம். எந்தத் தண்ணியானாலும் சரியாம். நெற்றியில் விட்டு, "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று பேர் சொல்லிச் சொன்னால் போதுமாம். அது செல்லுமாம்.

தாம்சின், கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி நிறையத் தண்ணி இருந்தது. எட்டினால் கை நனையும். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுற்றிலும் பார்த்தேன். முன் வரிசையில், பெரிய பண்ணை ஹேக்கெட் அம்மா கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். டார்கஸ் கிழவி கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். இருமல் சத்தம்கூட இல்லை.

ஒரு வரியாவது எழுது.

கெசியா

*

லீட்ஸ்
29 மே

அக்காவுக்கு. நான் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

நீ அங்கிருந்து புறப்பட்டு இங்கேயே வந்துவிடு. அவர்கள் எதை வெட்டினாலும் நீ அங்கே இருக்கக் கூடாது. ஆனால் இப்போது வேண்டாம். அறுப்புக் காலம் முடியட்டும், அப்போது வா. ஏன் என்று கேட்காதே, வந்தபிறகு சொல்கிறேன்.

வாளியைப் பற்றி நினைக்காதே. யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லையே அக்கா.

அந்தக் கடிதத்தையும் எரித்துவிட்டேன். எரித்த பிறகு யோசித்தேன். அந்த வார்த்தைகளை எனக்கு மறுபடி எழுதி அனுப்பு. பெரிய எழுத்தாக, தனித்தாளில்.

தாம்சின்

*

விண்டர்கோட்
19 ஜூன்

தாம்சினுக்கு அக்கா. நீ கேட்டதைத் தனித்தாளில் பெரிதாக எழுதி இதனுள் வைத்திருக்கிறேன். ஏன் என்று நானும் கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவை. கனமானது எதையும் தூக்காதே.

செவ்வாய்க்கிழமை வெட்டத் தொடங்கினார்கள், கிழக்கு மூலையிலிருந்து. நான் உள்ளே பித்தளை விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மண்வெட்டிச் சத்தத்தை ஒவ்வொன்றாக எண்ணினேன். திடீரென்று சத்தம் நின்றது.

"ஐயா! இங்க வாங்க! ஒரு பெட்டி!" கொத்தனார் ஸ்டாப்ஸ்.

ரொட்டி வைக்கிற பெட்டி அளவுதான். என்னுடையது இல்லை. முதல் முட்டுக்கல்கூட வரவில்லை, ஆமோஸ் பெட்டியும் செய்யவில்லை, தன் சட்டையில்தான் சுற்றினார். ஸ்டாப்ஸ் மூடியை நெம்பினார். எட்டிப் பார்த்த ஜெத்ரோ தொப்பியைக் கழற்றினார்.

"எவளோ பெத்து அமுக்கிட்டா" என்றார் ஸ்டாப்ஸ். "டவுனுக்குப் போறப்ப போலீஸ்ல சொல்லிடறேன்."

"பொறுங்க" என்றார் பாதிரியார். முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. "ஞாயிறு வரைக்கும் பொறுங்க. கால்வாயை நிறுத்துங்க."

அன்று ஜெபம் முடிந்ததும் சொல்லப்போகிறாராம், இதைப் பற்றித் தெரிந்தவர்கள் வாரத்துக்குள் தன்னை அங்கி மாட்டுகிற அறையில் தனியாக வந்து பார்க்கலாம், இல்லையென்றால் சட்டப்படிதான் போகவேண்டும் என்று. யாரும் வராவிட்டால் கால்வாயை மறுபடி வெட்டுவார்கள். அடுத்தது நான்தான்.

கெசியா

*

லீட்ஸ்
24 ஜூன்

அக்கா, போகாதே. உன் காலில் விழுகிறேன். நீ சிறைக்குப் போனால் எனக்கென்று யார் இருக்கிறார்கள்? எனக்கு நீ வேண்டும். இந்த வருஷம் ரொம்ப வேண்டும். போகாதே.

தாம்சின்

*

விண்டர்கோட்
3 ஜூலை

தாம்சின், என் உயிரே. நான் சிறையில் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்து சேர்வதற்குள் போய்விட்டேன். இன்னொருத்தர் மண்வெட்டி அவனைத் தொடுவதைவிட நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கருப்புச் சால்வை போட்டுக்கொண்டு, ஆமோஸின் தொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஏன் என்று தெரியவில்லை, கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

கோயிலின் பக்கக் கதவிலிருந்து ஒரு பெண் முகத்திரையை இழுத்துவிட்டபடி வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டாள். திரை மூடினால் என்ன, அந்தக் காலணியை நான் அறியமாட்டேனா? ஹேக்கெட் அம்மா.

பாதிரியார் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க கெசியா."

"நிக்கிறேன் ஐயா. உக்காந்தா சொல்ல வராது. அந்தப் பெட்டி என்னுதில்ல. ஆனா என்னுதும் அங்கதான் இருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நீங்களுமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நான் மளமளவென்று சொல்லத் தொடங்கினேன், பனி, நீலம், வாளி எல்லாம். "நான் ஒண்ணும் பண்ணல ஐயா, மூச்சு அதுவாத்தான் நின்னுச்சு, சத்தியமா" என்றபோது கையமர்த்தினார்.

"பார்ஜிட்டர் உங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன சொன்னார்?"

"வடக்குச் சுவரோரம்..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் உதடும் என்னோடு சேர்ந்து அசைந்தது. "மண் இளக்கமா இருக்கும்" என்று இரண்டு பேரும் சொன்னோம்.

"இந்த வாரம் முழுக்க இதைத்தான் கேக்கறேன்" என்றார். "ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான்னு நினைச்சுகிட்டு, சாகப்போறவங்க மாதிரி அந்தக் கதவுல நுழையறாங்க. யார் யார்னு சொல்லமாட்டேன். எந்த இடம் உங்களுது?"

"ரெண்டாவது முட்டுக்கல்."

அவர் என் முகத்தைப் பார்த்து, "அந்த இடத்தை இன்னொருத்தரும் சொன்னாங்க" என்றார். அப்படியானால் அவன் இத்தனை வருஷமும் தனியாகக் கிடக்கவில்லை.

மேஜைமேல் அவர் எழுதிய சரித்திரம், அச்சுக்குப் போகிற தாள் கிடந்தது. ஒரு வரியில் விரல் வைத்துப் படித்துக்காட்டினார்: "பார்ஜிட்டர் சோம்பலான மனிதர். முப்பது ஆண்டுகள் வடக்குக் கூரைக்கு ஒரு குழாய் வைக்கக்கூட அக்கறை காட்டவில்லை."

"நான் எழுதினது கெசியா. ஒருதடவை சபை மேலதிகாரி குழாய்க்கு ஆள் அனுப்பியே விட்டாராம். இவர் அந்த ஆளைத் திருப்பி அனுப்பிட்டாருன்னு ஜெத்ரோ சொன்னார். நான் கஞ்சத்தனம்னு நினைச்சேன்." தாளைக் கவிழ்த்து வைத்தார். "நாய் வளர்த்தாரே ஒருத்தர், அவரும் வைக்கல. அவருக்கு முன்னாடி இருந்தவரும் வைக்கல. தெற்குப் பக்கம் எப்பவோ வெச்சிருக்காங்க. அறுநூறு வருஷம், இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒருத்தருக்கும் ஞாபகம் வரலையா?"

"போலீஸ் ஐயா?" என்றேன். எனக்கு அதுதான் பயம்.

"அது இருநூறு வருஷத்துக்கு முந்தின பெட்டி, ராஜாவோட தலையை வெட்டின காலத்துதுன்னு ஸ்டாப்ஸ்கிட்ட சொல்லிட்டேன். பாதிரியான பிறகு நான் சொன்ன முதல் பொய்."

"நம்பினாரா?"

"பலகை புதுசா இருக்கே ஐயான்னு கேட்டார். கூலியைக் குடுத்து அனுப்பிட்டேன். போறப்ப திரும்பித் திரும்பிப் பார்த்தார்."

நான் வெளியே வந்தபோது டார்கஸ் கிழவி தடியை ஊன்றிப் படியேறிக்கொண்டிருந்தாள். எண்பது வயசு. என்னைக் கண்டதும், "காலணிக்குள்ள முள்ளு குத்துது, உக்கார வந்தேன்" என்றாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் உள்ளே போகும்வரை.

ஜெத்ரோ கால்வாயை மூடிவிட்டார். பெட்டி இருந்த இடத்துக்கே போனது. இந்தமுறை பாதிரியார் பக்கத்தில் நின்று ஜெபம் படித்தார், முழு ஜெபமும். சட்டம் என்ன சொல்லுமோ தெரியாது.

உன் உடம்பு எப்படி? இப்போதாவது சொல்.

கெசியா

*

விண்டர்கோட்
30 ஆகஸ்ட்

தாம்சின், இரண்டு கடிதம் போட்டேன், இது மூன்றாவது. பதில் இல்லை. நீ சுகமாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபமே இல்லை.

நீ சொல்லாததை நான் எப்போதோ தெரிந்துகொண்டேன். செத்த பிள்ளையைப் பற்றியே எழுதுகிற அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்திருப்பாய். உன்னைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த மௌனம் எனக்குப் பழகின மௌனம்டி. கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அந்தக் காலை மாதிரியே இருக்கிறது.

ஏனோக்கையாவது ஒரு வரி எழுதச் சொல்.

கெசியா

*

லீட்ஸ்
13 செப்டம்பர்

என் அக்காவுக்கு. உயிரோடு இருக்கிறேன். படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

அவள் நாள் நிறையுமுன்னே வந்துவிட்டாள். ஆலையில் சங்கு ஊதி ஏனோக் போய்விட்டார், பக்கத்து வீட்டுக்காரி மருத்துவச்சியைக் கூப்பிட ஓடினாள். நானும் பிள்ளையும் மட்டும். அவள் நீலமாக இருந்தாள் அக்கா. நீ எழுதின அதே நீலம்.

நான் கதவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தேன். ஆறின தேநீர் ஒரு கோப்பை பக்கத்தில் இருந்தது, வேறு தண்ணி எட்டவில்லை. எந்தத் தண்ணியானாலும் சரி என்றாயே, அதில் விரலை நனைத்து நெற்றியில் வைத்து, உன் எழுத்தைப் பார்த்துப் படித்தேன். பேர் என்ன வைப்பது என்று யோசிக்க நேரமில்லை. கெசியா என்று வாயில் வந்தது.

அதற்கப்புறம் அழுதாள். தேநீர் கண்ணில் பட்டிருக்கும் என்கிறார் ஏனோக். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன் பிள்ளையைப் பற்றியும். எழுந்துபோய் ரொம்ப நேரம் முற்றத்தில் நின்றார். திரும்பி வந்து, "உங்க அக்காவை வரச்சொல்லு" என்றார்.

இன்னும் சரியாகப் பால் குடிக்கவில்லை. தூங்கும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். சீக்கிரம் வா.

தாம்சின்

*

விண்டர்கோட்
19 அக்டோபர்

என் தாம்சினுக்கும் சின்னக் கெசியாவுக்கும், பெரியம்மாவின் முத்தம். அவள் பால் குடிக்கிறாள் என்று உன் கடிதம் வந்தபிறகுதான் நானும் சாப்பிட்டேன். வியாழக்கிழமை வண்டியில் புறப்படுகிறேன். பனிக்காலம் முழுக்க உன்னோடு இருப்பேன்.

வருமுன் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சரித்திரம் அச்சாகி வந்துவிட்டது. பார்ஜிட்டர் சோம்பலானவர் என்ற வரி அப்படியே இருக்கிறது. "மாத்தினா ஏன்னு கேப்பாங்க கெசியா. ஏன்னு சொன்னா உங்க எல்லாரையும் இழுப்பாங்க" என்றார் பாதிரியார். எழுதப் படிக்கத் தெரியாத டார்கஸ் கிழவிகூட ஒரு புத்தகம் வாங்கித் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள்.

பேர்ப்பலகையும் மாட்டியாகிவிட்டது. பார்ஜிட்டருக்குக் கீழே லிடன். அதற்கும் கீழே வெறும் பலகை.

"அடுத்தவனுக்கு இடம் விட்டிருக்கீங்க போல" என்றார் ஜெத்ரோ.

"ஆமா. அவன் வந்து என்னைச் சோம்பேறின்னு எழுத வேண்டாமா?" என்றார் பாதிரியார்.

வசந்தத்தில் மேலதிகாரி கோயிலைப் பார்க்க வருகிறாராம். ஈயக் குழாய்க்கென்று ஊரில் வசூலித்த பணம் இருக்க வடக்கில் ஏன் குழாய் இல்லை என்று கேட்பார். ஸ்டாப்ஸ் டவுனில் வாயை மூடிக்கொண்டிருக்கிறாரா, தெரியாது. தெருவில் புதுத் தொப்பி தெரிந்தால் போலீஸோ என்று இன்னும் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறேன். இந்தப் பயம் போகாது தாம்சின். ஆனால் இப்போது அது எனக்கு மட்டுமான பயம் இல்லை.

நேற்று ஆராதனை முடியும்போது நல்ல மழை. தெற்கு வாசலில் ஒதுங்கத் தாராளமாக இடம் இருந்தது. ஆண்கள் எல்லாம் அங்கே நின்று புகை பிடித்தார்கள். நான் வடக்குப் பக்கம் போனேன். அங்கே பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள், சுவரோரமாக, இறவாரத்துத் தண்ணி தலையில் கொட்டக் கொட்ட. மழை விடக் காத்திருக்கிற மாதிரி. ஒருத்தியும் ஒருத்தி முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது முட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஹேக்கெட் அம்மா நின்றார். பட்டுத் தொப்பி நனைந்து தொங்கியது. நான் வந்ததும் பேசாமல் ஓரடி நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நின்றேன். நன்றாக நனைந்தேன்.

என் கண்மணியைப் போர்த்தி வை. வந்து சேர்கிறேன்.

உன் அக்கா
கெசியா